மின்னும் துகளில் ஒரு பாட்டில்

மகள் மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். போன மாதம் லீவுக்கு எங்கள் ஊர் தேவாரத்துக்கு வந்தவள் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினாள். கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள்.

"இதெல்லாம் புற்றுநோய் செல்லும்மா. மாவைவிட எத்தனையோ மடங்கு பொடிசா துகள் செஞ்சு, நோய் செல்லுல மட்டும் ஒட்டுற மாதிரி அதுமேல ஒண்ணைப் பூசுறோம். லைட் அடிச்சா ஒட்டுன எடம் மின்னும்."

அவள் அப்பா எட்டிப் பார்த்தார். "மின்மினிப் பூச்சி பிடிக்கவா இம்புட்டு வருசம் படிக்கிற?"

"நீங்க போயி மோட்டாரப் போடுங்கப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இடது மார்பில் பட்டாணி அளவு ஒரு கட்டி. வலி கிடையாது. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளாடை வாங்கக்கூட, கடையில் பெண் நின்றால்தான் உள்ளே போவேன். இதை எந்த டாக்டரிடம் காட்டுவது? திராட்சைக் கொடி கட்டும்போதும் குழம்பு கூட்டும்போதும் கை தானாக அங்கே போகும். அன்று கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன்.

திராட்சை இலையில் புள்ளி விழுந்தால் ஒரு இலையைப் பறித்துப் பூச்சிமருந்துக் கடையில் காட்டுவோம். பார்த்துவிட்டு பாட்டில் தருவார்கள். யாரும் தோட்டத்துக்கு வரத் தேவையில்லை. அந்த நினைப்புதான் எனக்கு.

அவள் அப்பா தோட்டத்துக்குப் போனதும் மகளிடம் கேட்டேன். "ஏத்தா, அந்தத் துகள்ல ஒரு சின்ன பாட்டில் கொண்டார முடியுமா?"

"எதுக்கு?"

"மேல தடவி டார்ச் அடிச்சா தெரிஞ்சுரும்ல. ஆஸ்பத்திரிக்கே போக வேணாம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். "கொடிக்கு அடிக்கிற மருந்துன்னு நெனச்சியா? கண்ணாடித் தட்டுல வளக்குற செல்லுலதான் போட்டுப் பாக்குறோம். மனுசருக்கு இன்னும் வரல."

சிரிப்பு சட்டென்று நின்றது. "மேலன்னா... எந்த எடத்துல?"

அடுப்படிக்குள் போனேன். பின்னாலேயே வந்தாள். "யாருக்கும்மா?"

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். விரல்கள் மெல்லச் சுற்றி அமுக்கின.

"வலிக்குதா?"

"இல்ல. அதான் ஒண்ணும் இருக்காதுன்னு..."

"வலிக்காட்டியும் பாக்கணும்மா. அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவுககிட்ட எப்படிச் சொல்ல?"

"நான் சொல்றேன். நாளைக்குத் தேனிக்குப் போறோம். ஊசில கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணுவாக."

"நாளைக்குக் குலை வெட்ட ஆளுக வர்றாக."

"வரட்டும். அப்பா பாத்துக்கிருவாரு."

அதற்குள் போனை எடுத்துவிட்டாள். "லேடி டாக்டர் எப்ப வருவாக?" என்று யாரிடமோ கேட்டாள். நான் பீரோவைத் திறந்து, சுலபமாகக் கழற்றுகிற ரவிக்கை எது என்று தேட ஆரம்பித்தேன்.