நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கிய கடிதம்

எங்கள் கரையில் முக்கால்வாசிப் பேருக்குக் குடும்பப் பெயர் 'ப'வில்தான் தொடங்கும். பலோமோ, பகுந்தாலன், பனெஸ். எங்கள் தீவுகளை ஆண்ட ஸ்பானியக்காரன் குடும்பப் பெயர்களை ஊருக்கு ஓர் எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனதால் வந்த வினை. அதனால் எபிஃபானியா பலோமோ எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கருவாட்டுப் பனிங் என்று கேட்டால் ஒரே வீடுதான். வலை பின்னும் தியோடோரோவின் மூன்றாவது மகள். தாய்வழியில் பனெஸ். அந்த வீட்டுப் பெண்கள் நாலு பேருக்குமே குரல் பெரிது.

பனிங் உயர்நிலைப் பள்ளியில் இரண்டே வருஷம் படித்தாள். பள்ளி வேலிக்குள் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு வரக்கூடாது. வந்தால் கொடிமரத்தடியில் நிற்க வேண்டும். அவள் நிறைய நின்றிருக்கிறாள். ஒருமுறை அவள் கட்டுரைத்தாளை, சிவப்பு மை வழிய வழிய, ஆசிரியை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினாள். இன்றைக்கு ஐம்பத்தாறு வயது. சிவப்புக் கோட்டைக் கண்டால் அவளுக்கு இன்னும் காது சுடும்.

போன மார்ச் மாதம் நகராட்சி ஆட்கள் வந்து, பெண்கள் கருவாடு காயப்போடும் மணல் திட்டை நாடா பிடித்து அளந்தார்கள். மூங்கில் முளைகளை அடித்தார்கள். பக்கத்தில் எழும்புகிற விடுதிக்குக் கார் நிறுத்த இடமாம். முப்பத்துநாலு பெண்களின் அடுப்பு அந்தத் திட்டை நம்பித்தான் எரிகிறது. ஒருத்தியிடமாவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை.

பனிங்தான் பெண்கள் சங்கத்தின் செயலாளர். அன்று மாலையே உட்கார்ந்து தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கையால் எழுதினாள். எங்கள் பக்கத்தில் அரசாங்கத்துக்குக் கடிதம் என்றால் ஆங்கிலம்தான், அதுவும் இரண்டு பிரதி. ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மார்ச் எட்டாம் தேதி காலையில் நகராட்சி ஜன்னலில் மெர்லின் என்கிற பெண் முத்திரை குத்திக் கொடுத்தாள். பனிங் அதை நெகிழி உறையில் போட்டு, ஞானஸ்நானச் சான்றிதழ்கள் இருக்கிற தகரப் பெட்டியில் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ரொடெல் வந்தான். பனிங்கின் தாய்மாமன் மகன், கிராம மன்றத்தில் எழுத்தர். மனாங் என்றுதான் கூப்பிடுவான்; வயதில் மூத்த பெண்களை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அக்கா என்கிற மாதிரி. கையில் அவள் நகராட்சியில் கொடுத்த கடிதம்.

"மனாங், திருப்பி அனுப்பிட்டாங்க. இங்கிலீஷ் சரியில்லையாம். திருத்திக் கொண்டாரச் சொல்றாங்க."

"படிச்சா புரியலையாமா?"

"புரியுது. ஆனா மரியாதையா இல்லையாம்."

ரொடெல் கடிதத்தைச் செல்பேசியில் படம் பிடித்து, பிழை திருத்துகிற செயலியில் போட்டான். திரை முழுக்கச் சிவப்புக் கோடு. மேலே ஓர் எண்: நூற்றுக்கு நாற்பத்தொன்று. அதன் பக்கத்தில் முகம் சுளித்த ஒரு பொம்மை.

"இது என்ன மூஞ்சி?"

"நீங்க கோபமா எழுதியிருக்கீங்கன்னு சொல்லுது."

"அட, மிஷினுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கே! கோபமாத்தான் எழுதினேன்."

"இருங்க மனாங், சரி பண்ணிடலாம்." அவன் விரல் திரையைத் தட்டிக்கொண்டே போனது. சிவப்பெல்லாம் மறைந்தது. எண் ஏறியது. அறுபது, எண்பது, தொண்ணூற்றாறு. பொம்மை சிரித்தது.

பனிங் படித்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அடுத்தவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற மாதிரியும் இருந்தது. "நான் சொன்னது இதுல இருக்கா, ரொடெல்?"

"எல்லாம் இருக்கு. நல்ல இங்கிலீஷ்ல இருக்கு. பெரிய மனுஷங்க இப்படித்தான் எழுதுவாங்க."

தொண்ணூற்றாறு. பள்ளியில் ஒருநாளும் வாங்காத மதிப்பெண். அவள் காது சுட்டது, கையெழுத்துப் போட்டாள். அங்கேதான் அவள் தவறினாள். ரொடெல் அதை ஒரு வாரம் வைத்திருந்து, பதினேழாம் தேதிதான் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஏப்ரலில் நகரமன்றத்துக்கு அழைப்பு வந்தது. பெண்கள் எல்லோரும் போனார்கள். துணை மேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைச் சத்தமாக வாசித்தார். "மணல் திட்டு குறித்த தங்கள் திட்டத்தைப் பாராட்டுகிறோம். ஊர் வளர்ச்சியின் தேவையை உணர்கிறோம். இயன்றால் எங்கள் சிரமத்தையும் கருத்தில் கொள்ளப் பணிவுடன் வேண்டுகிறோம்."

கண்ணாடியைக் கழற்றினார். "அருமையான கடிதம், மனாங். பாராட்டுறோம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதுவும் பதினேழாம் தேதி. நாங்க தீர்மானம் போட்டது பதினஞ்சாம் தேதி. அதுவரைக்கும் எதிர்ப்புன்னு ஒரு துண்டுச் சீட்டுகூட வரலையே."

பனிங் திரும்பி ரொடெலைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். எட்டாம் தேதி கொடுத்த கடிதம் எதற்குத் திரும்பி வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிழைக்காக இல்லை. அது அந்தக் கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது என்பதற்காக. திருத்திக் கொண்டுவா என்று இழுத்தடித்து, அந்த இடைவெளியில் காரியத்தை முடித்திருக்கிறார்கள். ஏழைப் பெண்ணின் இலக்கணம் இவர்களுக்கு ஒரு கதவு. சாத்தித் தாழ் போட்டுக்கொள்ள அது வசதி.

அவள் எழுந்து பையிலிருந்து நெகிழி உறையை எடுத்தாள்.

"ஐயா, இது யார் முத்திரை?"

துணை மேயர் வாங்கிப் பார்த்தார். வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்க. அதை வாசிச்ச மாதிரியே."

"நம்ம அலுவலக முத்திரை. மார்ச் எட்டு."

"குடுங்க, இதை நானே வாசிக்கிறேன்." தன் உடைந்த ஆங்கிலத்திலேயே, ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல் வாசித்தாள். "ஐயா. மணலை எடுக்காதே. அது எங்கள் வேலை செய்யும் இடம். எங்களைக் கேட்காமல் அளந்தது தப்பு. காருக்கு வெயில் வேண்டாம். மீனுக்கு வேண்டும்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டினார்கள்.

"மனாங், இங்கிலீஷ் கொஞ்சம்…" என்று ஓர் உறுப்பினர் இழுத்தார்.

"புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது."

"அப்போ குறிப்புல எழுதுங்க. நான் சொன்ன மாதிரியே எழுதுங்க. சோப்புப் போட்டுக் கழுவாதீங்க."

எதிர்ப்பு வந்திருக்கும்போது வரவில்லை என்று எழுதிய தீர்மானம் நிற்காது என்று மன்றத்தின் வக்கீலே சொல்லிவிட்டார். தீர்மானம் ரத்தானது. மறுநாள் பனிங் அந்த மூங்கில் முளைகளைத் தன் கையால் பிடுங்கினாள். நல்ல முற்றிய மூங்கில். கருவாட்டுத் தட்டிகளுக்குக் கால் வைத்தாள்.

ரொடெலோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவளே அவனைக் கூப்பிட்டு அந்தச் செயலியைத் தன் செல்பேசியில் போட்டுக்கொண்டாள். எழுத்துப் பிழையைக் காட்டினால் ஏற்றுக்கொள்வாள். "இதை மென்மையாகச் சொல்லலாம்" என்று அது கெஞ்சும்போதெல்லாம் பெருக்கல் குறியை அமுக்குவாள். "உனக்கென்னடி தெரியும்?" என்று அதைத் திட்டவும் செய்வாள்.

அப்படி எழுதிய முதல் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான். மார்ச் எட்டாம் தேதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னது யார்? செயலி ஐம்பத்திரண்டு போட்டது, முகம் சுளித்தது. மெர்லின் முத்திரை குத்தினாள். பிரதி தகரப் பெட்டியில் இருக்கிறது. பதில் இதுவரை வரவில்லை. பனிங் திங்கட்கிழமைதோறும் அந்த ஜன்னலுக்குப் போய் நிற்கிறாள்.