அளவு மாமாவின் பன்னிரண்டாம் நாள்

அளவு நாடாவைத் துணியால் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையாகச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்குகிறார் அளவு மாமா. நுனியில் பித்தளைக் குண்டு. அது அடியைத் தொட்டதும் மேலே இழுத்து, கச்சா எண்ணெயின் கறை எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்ப்பார். மூன்று தடவையும் ஒரே எண் வந்தால்தான் எழுதுவார். கட்டுப்பாட்டு அறைத் திரையில் அது முன்பே தெரியுமே என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "அது சொல்லும் சார். நான் பாக்கணும்ல?"

ஐம்பத்தெட்டு வயது. தொட்டியின் உச்சிக்கு எண்பத்திரண்டு படி. எனக்கு நாற்பதாம் படியிலேயே நாக்குத் தள்ளியது. அவர் கடைக்குப் போகிறவர்போல் ஏறுகிறார்.

அவரையும் ஆட்டிவைத்தது போன மாதம். கச்சா எண்ணெய் கொண்டுவந்த கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பதினோரு நாள் நின்றது. எந்த நாட்டு எண்ணெய் வரலாம், எந்தக் கப்பலின் காப்பீடு செல்லும் என்று அரசாங்கம் புதிதாக விதி போட்டிருந்தது. நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரனுக்குத் தண்டம் அழ வேண்டும். "பூமிக்குள்ளேருந்து எடுத்துட்டாங்க. காகிதத்துக்குள்ளேருந்து எடுக்கத்தான் முடியல" என்று நொந்துகொண்டார்.

தொட்டியில் எண்ணெய் மட்டம் இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் ஆலையை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் முதலில் வீட்டுக்குப் போவது ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அவருடைய மகள் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். தினம் ஒரு முறை அளப்பவர் நான்கு முறை ஏறினார்.

"அடிக்கடி அளந்தா ஏறிடுமாப்பா?" என்று மகள் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, இரண்டு மீட்டர் நான்கு சென்டிமீட்டர். அனுமதி வந்துவிட்டது, கப்பல் கரைக்கு வந்துவிட்டது என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியம் நான் பக்கத்தில் நிற்க, நாடாவை இறக்கினார். இரண்டு பத்து. துடைத்து மறுபடி இறக்கினார். இரண்டு பன்னிரண்டு. மறுபடி. இரண்டு பதினான்கு.

முப்பது வருடப் பழக்கம். எதை எழுதுவதென்று தெரியாமல் பேனாவும் கையுமாக விழித்தார். "என்னமோ நாடாவை சரியா பிடிக்கல சார்" என்று நான்காவது தடவை இறக்கப் போனவர், பாதியில் நிறுத்தினார். "ஏறுது சார்... ஏறிக்கிட்டே இருக்கு!"

கீழே இறங்கியவர் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா? எல்லாரும் பாக்குறாங்க!"

தொட்டிக்குள் போகிற பெரிய குழாய் எண்ணெய் பாய்ந்ததில் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் அவள் உள்ளங்கையை வைத்து, தன் கையையும் மேலே வைத்து அழுத்திக்கொண்டார்.