பன்னீர்க்குடத்தில் ஓர் ஊசி

ஊசி குத்துவது டொக்டரின் வேலை. அதற்கு முன்னும் பின்னும் வருகிற பயத்தைக் கவனிப்பது எங்கள் வேலை. கர்ப்பிணியின் வயிற்றினூடாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, பன்னீர்க்குடத்திலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து, பிள்ளைக்குப் பரம்பரை நோய் ஏதும் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை அது. மட்டக்களப்பில் ஒரு கிளினிக்கில், அந்தக் கட்டிலின் தலைமாட்டில் நிற்கும் நர்ஸ் நான். ஏதோவொரு முடிவுக்காகக் காத்திருந்து நகம் கடித்த எல்லோரும் என் இனம்தான்.

தண்ணீர் குறையுமா?

கரடியனாற்றிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருவர், வயல் செய்கிற குடும்பம். ஊசியின் நீளத்தைக் கண்டும் அவர் அசையவில்லை. டொக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்து, பிள்ளை இல்லாத பக்கமாக ஊசியைச் செலுத்தினார். "வயிறு இழுக்கிற மாதிரி இருக்கும், மூச்சை விடுங்க," என்றேன். விட்டார். இளமஞ்சள் நீர் ஏறுவதைக் கண்டதும்தான் முகம் மாறியது.

"மிஸ், புள்ளைக்குத் தண்ணி காணாமப் போகாதா?"

"இல்லகா, கொஞ்சம்தானே எடுக்கிறம். உடம்பு தானாவே திரும்ப ஊற வைக்கும்."

"கேக்காமலேயா?"

"ஓம், கேக்காமலே."

படுத்தபடியே சிரித்தார். "எங்கட வட்டை வயலுக்கும் இப்பிடி, வாய்க்கால் திறக்கச் சொல்லிக் கூட்டம் போடாமத் தண்ணி வந்தா எவ்வளவு நல்லம்!"

வேண்டாம் என்றவர்

தன்னாமுனையிலிருந்து ஒரு டீச்சர், கணவரோடு வந்திருந்தார். இரத்தப் பரிசோதனையில், பிள்ளைக்குக் குறை இருக்குமோ என்ற சந்தேகம் வந்திருந்தது. இந்த ஊசியால் கரு கலைந்துபோகும் ஆபத்து சிறிதளவு உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னோம். எல்லாம் கேட்டுவிட்டு, "பிழையெண்டு வந்தா மருந்து இருக்கா?" என்றார். பலவற்றுக்கு இல்லை, ஆனால் முன்கூட்டியே ஆயத்தமாகலாம் என்றார் டொக்டர். டீச்சர் கணவரைப் பார்த்தார். பிறகு வேண்டாம் என்றார். "அது உங்கட முடிவு," என்று டொக்டர் எழுந்துவிட்டார்.

வாசல்வரை போன டீச்சர் திரும்பி வந்து சொன்னார்: "வேணாமெண்டா ஏசுவீங்களெண்டு பயந்துதான் மிஸ், இவ்வளவு நேரமும் தலையாட்டிக்கொண்டு இருந்தனான்."

காலைத் தொலைபேசி

மாங்கேணிக் கடற்றொழிலாளி யோகனும் மனைவி கமலினியும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறையை உடம்பில் காவுகிறவர்கள். இருவருக்கும் நோய் இல்லை. ஆனால் மூத்த மகனுக்கு இருக்கிறது. மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கும் அப்படியா என்று அறியத்தான் வந்தார்கள். "இன்னொரு சின்னக் கையிலயும் ஊசி ஏறுறதைப் பாக்க என்னால ஏலாது," என்று கமலினி கட்டிலில் அழுதார்.

மறுநாளே யோகன் தொலைபேசி எடுத்தார். மனைவிக்கு அடிவயிறு வலிக்கிறதாம். "தண்ணி கசியுதா? இரத்தம் படுதா? காய்ச்சல்?" ஒன்றுமில்லை. ஓய்வெடுக்கச் சொன்னேன், பின்னேரமே வலி நின்றது. ஆனால் யோகன் நிற்கவில்லை. கொழும்பிலிருந்து முடிவு வர வாரங்கள் எடுக்கும் என்று தெரிந்தும், விடியத் தோணியைக் கரைக்கு இழுத்துவிட்டுத் தினமும் எடுப்பார், சரியாக நான் தேநீர்க் கோப்பையைத் தூக்கும் நேரம்.

ஒருநாள் முடிவு வந்தது. பிள்ளையும் பெற்றோரைப்போலக் குறையைக் காவுமே தவிர, நோய் இல்லை. டொக்டர் சொல்லி முடிக்குமுன்பே கமலினி முகத்தைப் பொத்திக்கொண்டார். யோகன் அவரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இனிக் காலமைல எடுக்கமாட்டன் மிஸ், நீங்களும் ஆறுதலாத் தேத்தண்ணி குடியுங்க."

பிறக்காத பிள்ளையைப் பற்றி எவ்வளவோ சொல்லிவிடும் இந்தப் பரிசோதனை, அதைப் பெறப்போகிறவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.