கயிற்றின்மேல் வாய்ச்சண்டை

தாளத்துக்குக் காலடி வைத்துப் பழகினால் கவனம் கூடுமா, அல்லது கவனிக்கிற வேலையைத் தாளமே வாங்கிக்கொண்டு மனத்தைத் தூங்கவிடுமா? எனக்கு விடை தெரியாது. மதுரையில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் மணியடித்துப் பெண்களுக்கு உடற்பயிற்சி நடத்துகிறவள் நான். கூடும் என்பது மேலிடத்தின் கட்சி. நாற்பதைத் தாண்டிப் பட்டம் வாங்கிய எனக்குச் சந்தேகம் எளிதில் போகாது.

ஆனி விடுமுறையில் கம்பத்துக்குப் புறப்பட்டேன். தேனியிலிருந்து சின்னமனூர் பதினான்கு மைல். வழியில் வீரபாண்டி ஆற்றங்கரையில் வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்தபோது மேளச் சத்தம் கேட்டது.

கழைக்கூத்தாடிக் குடும்பம். தரையில் கிடந்த கயிற்றின்மேல் வீராயி நடந்தாள். கணவன் மாயாண்டி மேளம் அடித்தபடியே அவளை வைதான்.

"ஏண்டி, நேத்து வச்சது குழம்பா, கழனித்தண்ணியா?"

"எட்டு அகப்பை குடிச்ச வாயி கேக்குதாக்கும்!"

சண்டையோ என்று பயந்தேன். "சண்டை இல்ல தாயி, பழகுறோம். கூட்டத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. வாயி அங்கன போனாலும் காலு தாளத்துல நிக்கணும். நீங்களும் கேளுங்க" என்றான் மாயாண்டி.

"ஏழும் ஒன்பதும் எத்தனை?" என்றேன். ஆசிரியை வேறென்ன கேட்பாள்!

"பள்ளிக்கூடத்தம்மாவுக்கே தெரியலையாக்கும்!" என்றாள் வீராயி, கால் பிசகாமல்.

போன மாதம் போடியில் கயிற்றிலிருந்து விழுந்தவள் அவள். மறுநாள் சின்னமனூர்ச் சந்தையில் மீண்டும் ஏற வேண்டும். "முடியலைன்னா மலைத் தோட்டத்துக்குக் கூலிக்குத்தான் போகணும். அங்கன போன எங்க மதினி காய்ச்சல்ல செத்துப்போனா" என்றாள். தரையில் பழகியது உயரத்தில் உதவுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பார்த்துவிடலாமென்று சின்னமனூரிலேயே ஒருநாள் கூடுதலாகத் தங்கினேன்.

போக நினைப்பவர்களுக்கு: பெரியாற்று அணைக்குச் சுண்ணாம்பு ஏற்ற வண்டிகள் போய்விடுகின்றன; முந்தின நாளே பேசிவையுங்கள். சத்திரத்தில் பாய் கிடைக்காது. ஆனிச் சாரலுக்குக் கம்பளி வேண்டும்.

மறுநாள் நடந்தது இது. வீராயி கயிற்றின் நடுவே வந்தபோது சாரல் அடித்தது. தோல் நனைந்து மேளம் ஊமையாயிற்று. அவள் நின்றாள், கையிலிருந்த மூங்கில் ஆடியது.

"ஏண்டி, நேத்து வச்சது குழம்பா, கழனித்தண்ணியா?" என்று மாயாண்டி அதே தாளத்தில் கத்தினான்.

மறுபடி கத்தினான்.

"எட்டு அகப்பை குடிச்ச வாயி கேக்குதாக்கும்!" கால் பெயர்ந்தது.

"வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கங்கப்பா!" என்று கூட்டம் சிரித்தது. இருவரும் வைதுகொண்டேயிருக்க, அவள் மறுமுனையில் இறங்கினாள்.

மாலையில் அவர்கள் மலைக்குப் போகவில்லை; தேவாரம் சந்தைக்குப் புறப்பட்டார்கள். போகுமுன் வீராயி என்னிடம் வந்து, "பதினாறு, தாயி" என்றாள்.