தெருமுனைப் பெட்டியின் ஏலம்

வீட்டில் முதல் பட்டதாரி அவள். அக்கா அவளை "புரொபசர்" என்றுதான் கூப்பிடுவாள். பாதி பெருமை, பாதி கேலி.

கைபேசிக் கோபுரத்தின் அடியில் அலமாரி அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கணினிகள். எங்கோ இருக்கும் பெரிய கணினிகளுக்காகக் காத்திருக்க விடாமல், அந்தத் தெருக்காரர்களுக்கு உடனே வேலை செய்துகொடுக்கும். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. அதனால் வாராவாரம் மூடிய ஏலம். அதிகம் கேட்டவருக்குப் பெட்டி. ஆனால் அவர் கட்டுவது அடுத்தபடியாக வந்தவர் கேட்ட விலையை. கூட்டி எழுதினால் கைநஷ்டம் வரலாம், குறைத்து எழுதினால் பெட்டி கைநழுவலாம்; ஆகவே மனதிலிருக்கும் விலையை அப்படியே எழுதுவதுதான் எல்லோருக்கும் நல்லது. கோபுர நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவள்தான் இந்த விதியை எழுதியவள், ஏலம் கேட்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும்.

அக்காவின் துணிக்கடையில் ஒரு திரை உண்டு. முன்னால் நின்றால், போடாத சட்டையைப் போட்டுக் காட்டும். பெட்டி கிடைக்காத வாரங்களில் ஆள் திரும்பிய பிறகுதான் சட்டை திரும்பும். வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"உனக்கு எவ்வளவு கட்டுப்படியாகுமோ அதை எழுதுக்கா."

"உண்மையைச் சொல்லி எவடி ஜெயிச்சா? கடையை மூடிட்டு உன் தியரியைத் தைச்சு விக்கவா?"

பதில் தெரியாமலில்லை. தேர்வில் பக்கம் பக்கமாக நிரூபித்ததுதான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதன்மேல் அவளுக்கே நம்பிக்கை போனது.

மறுநாள் அலுவலகத்தில், சோதனைக்காகக் கொடுத்திருந்த அனுமதியை வைத்து மூடிய விலைகளைத் திறந்தாள். அக்காவின் விலைக்கு மேலே அதே தெருவிலிருக்கும் கண் மருத்துவமனை மட்டும். "ஏலம் முடியறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஏத்திப் போடு" என்றாள் அக்காவிடம் போனில்.

அக்கா ஜெயித்தாள். கடை நிறைந்தது. ஆனால் மருத்துவமனை கேட்ட விலையைக் கட்டியதில், வந்த லாபமெல்லாம் கரைந்து கைநஷ்டம். எந்தப் பள்ளத்தில் விழக்கூடாது என்று விதி எழுதினாளோ, அதே பள்ளத்தில் அக்காவைத் தள்ளிவிட்டிருந்தாள்.

வாரக் கடைசியில் மருத்துவமனைச் செவிலியர் அழைத்தார்.

"மேடம், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி மனசுல இருந்ததைத்தான் எழுதினோம். இப்ப பெட்டி இல்லாம, கண்ணைப் படம் எடுத்தா முடிவு வர்றதுக்குள்ள வரிசை வாசலுக்கு வந்துடுது. நாங்க எழுதினதுல ஏதும் தப்பா?"

அந்த விதியை முழுசாக நம்பியவர் இவர்; எழுதியவள் நம்பவில்லை.

"விதிப்படிதான்..." என்று ஆரம்பித்து, மாற்றிக்கொண்டாள். "உங்க மேல தப்பில்ல சிஸ்டர். நான் உங்க விலையைப் பார்த்துட்டேன். பார்த்து எங்க அக்காகிட்ட சொல்லிட்டேன்."

மறுமுனையில் யாரோ இருமினார்கள்.

"அப்ப அடுத்த வாரம் நாங்க என்ன எழுதணும் மேடம்?" செவிலியரின் குரலில் கோபம்கூட இல்லை.

"லைன்லயே இருங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே, செய்ததை அவரிடமும் சொல்ல மேலாளரின் அறைக்கு நடந்தாள்.