கஸ்மாடியின் மூங்கில் கேட்

ருமினியின் புருஷன் கஸ்மாடி ஜாவாத் தீவின் மடியுன் ஊரில் முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் கழித்து மறதி வந்தது. பிள்ளை பேர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது. ரயில் சத்தம் மட்டும் மறக்கவில்லை. ஊதல் கேட்டால் போதும், கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தண்டவாளம் கூப்பிடு தூரத்தில்.

ருமினி அவர் சட்டைக் காலரில் பேரும் போன் நம்பரும் தைத்து வைத்தாள். மகள் லீலிஸ் சொன்னாளென்று வாசலைப் பூட்டியும் பார்த்தாள்.

"ட்யூட்டிக்குப் போறவனை அடைச்சு வெக்கறியே, யாரும்மா நீ?" என்று அவர் அழுதபோது, அவளுக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டிலேயே விற்கும் பெச்செல் என்ற கடலைச் சட்னிக் காய்கறிச் சோற்றுக்காக அவள் வேர்க்கடலை வறுத்துக்கொண்டிருந்தபோது கஸ்மாடி சுவரேறிக் குதித்துவிட்டார். தண்டவாளத்தின் நடுவே கையைத் தூக்கி நின்றவரை, இப்போது அங்கே கேட் கீப்பராக இருக்கும் தர்னோ இடுப்போடு கட்டி இழுத்துப் போட்டான்.

"நல்லவேளை, நான் பாத்தேன்க்கா," என்றான் வீட்டில் கொண்டுவந்து விட்டு. "இவரு என்னைத் திட்டறாரு, போஸ்ட்டை விட்டு ஏன்டா வந்தேன்னு."

"வரக்கூடாதா?"

"கேட்டை இறக்கினா, ரயில் போயி மறுபடி ஏத்தற வரைக்கும் ஒரு அடி நகரக்கூடாது. இவரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான்."

புருஷனின் முழங்கைச் சிராய்ப்பைக் கழுவியபடியே ருமினி யோசித்தாள்.

ரெண்டு நாளில் முற்றத்து வாசலில் ஒரு மூங்கில் நின்றது. சிவப்பும் வெள்ளையுமாக வர்ணம், அடிமுனையில் மணல் மூட்டை. தர்னோதான் கட்டிக் கொடுத்தான்.

"மேலிடத்து உத்தரவுங்க. உங்களை இந்த கேட்டுக்கு மாத்திட்டாங்க," என்றாள் ருமினி.

கஸ்மாடி மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். "சின்ன கேட்டா இருக்கே."

"நம்பிக்கையான ஆள் வேணும்னாங்க."

முதல் ஊதல் வந்தபோது துணிக்கொடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் மூங்கிலை இறக்கினார். நிமிர்ந்து நின்றார். ரயில் போனதும் ஏற்றிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

பெச்செல் வாங்க வந்தவர்கள் வெளியே காத்திருக்க வேண்டியதாயிற்று.

"பசி உயிர் போகுது, கொஞ்சம் தூக்குங்க பெரியவரே," என்றான் ஒரு ரிக்‌ஷாக்காரன்.

"உயிர் போகக்கூடாதுன்னுதான் இறக்கியிருக்கேன்."

லீலிஸுக்கு இது பிடிக்கவில்லை. "பைத்தியத்தை இன்னும் வளக்கறே" என்று போனில் சண்டை போட்டவள், நேரில் பேச ஸ்கூட்டரில் வந்தாள். வாசலில் கஸ்மாடி மறித்தார்.

"வண்டியை அணைம்மா. எக்ஸ்பிரஸ் வருது."

"அப்பா, நான் லீலிஸ்."

"யாரா இருந்தா என்ன? ரயிலுக்குத் தெரியுமா?"

அணைத்தாள். ரயில் தடதடத்துப் போய் முடிந்தபின் மூங்கில் உயர்ந்தது. "பாத்துப் போம்மா. வீட்டுல உனக்காகக் காத்திட்டிருப்பாங்க."

லீலிஸ் சமையலறைக்கு வந்து அம்மாவோடு வெள்ளரிக்காய் நறுக்கினாள். சண்டைக்கு வந்ததை இருவரும் மறந்துபோனார்கள்.

அதற்காக ருமினி அவர்மேலிருந்து கண்ணை எடுத்துவிடவில்லை. ஆனால் ஊதல் கேட்டால் கால் மணி நேரம் அவர் அங்கேயே நிற்பார் என்று தெரியும். பல மாதங்களுக்குப் பிறகு அவசரமில்லாமல் தலைக்குக் குளித்தாள்.

கஸ்மாடி இன்னும் ரெண்டு வருஷம் இருந்தார். கால் ஓய்ந்தபின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட் இறக்கினார். தண்டவாளத்துப் பக்கம் மறுபடி போகவேயில்லை.