மல்லிகைக் கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள்

சங்கரன்கோவிலில் நான் தாவரவியல் நடத்தும் கல்லூரி தரவரிசைக்கு விண்ணப்பித்தபோது, முதல்வர் எங்கள் எல்லாரையும் ஒரு வேலையில் இழுத்துவிட்டார். அவரவர் எழுதிய கட்டுரையை வெளியில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த எண்ணிக்கைக்கும் மதிப்பெண் உண்டாம். பார்த்தால், கல்லூரியிலேயே அதிக மேற்கோள் என் மல்லிகைக் கட்டுரைக்குத்தான்!

எண்ணிக்கையோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நமக்குத்தான் அது முடியாதே. யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிலர் பத்துப் பேரோடு என்னையும் ஓரமாகச் சேர்த்திருந்தார்கள். படித்த மாதிரியே தெரியவில்லை. ஒருவர் மட்டும் முழுசாகப் படித்திருந்தார். மாலையில் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தால் மொக்குப்புழு குறையும் என்று நான் எழுதியது தவறு, நான் சோதித்துப் பார்த்த அந்த ஒரு வருடம் பெய்த மழைதான் புழுவைக் குறைத்திருக்கும் என்று அட்டவணை போட்டுக் காட்டியிருந்தார். அதற்குப் பின் வந்த மேற்கோள்களில் பாதி, அவரோடு சேர்ந்து என் தவறைச் சொல்பவை.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"திட்டி எழுதினாலும் அதுவும் ஒண்ணுதான் மேடம். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

விதிமுறையைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

மதிப்பெண் கிடக்கட்டும். மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு பூ விவசாயியின் தோட்டத்தில்தான் அந்தச் சோதனையைச் செய்தேன். இனி இதையே அடிங்க அண்ணாச்சி என்று பெரிய மனுஷியாகச் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தேன். மூன்று வருடமாக என் பேச்சை நம்பி, மொக்கெல்லாம் புழுவுக்குப் போயிருந்தால் அந்த மனிதர் என்ன செய்வார்? மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன்.

செடிகள் நன்றாகவே இருந்தன. நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த வருசமே புழு வந்துட்டு டீச்சர். அப்பவே நிப்பாட்டிட்டேன். வெயில்ல நின்னு எழுதுனீங்க, தப்புன்னு எப்படிச் சொல்லுததுன்னு விட்டுட்டேன்."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. ஒரு போன் போட்டு, பூ எப்படி இருக்கு அண்ணாச்சி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கட்டுரை அச்சில் வந்த பிறகு நான் கேட்கவே இல்லை.